மொட்டை மாடியில் நான்கு தொட்டிகள்

பிப்ரவரி 4

அண்ணா,

ஊருக்கெல்லாம் போன் பேச வழி செய்கிற ஆளுக்கு நான் பேனா பிடித்துக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. மலை முகாமில் டவர் நட்டு முடிக்கும்வரை சிக்னல் கிடையாது என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது வாரத்துக்கு ஒரு முறை போகிற சாமான் வண்டிக்காகக் காத்திருக்கும்போது சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் இப்படியேதானா?

ஒரு நல்ல சேதி. பல் டாக்டருடைய நான்காவது மாடி வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த வீடு. வந்தவள் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள், புருஷன் ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. முன்பு இருந்த வீட்டில் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் எதிர் மாடியில் செல்போன் டவராம். காரணம் அதுதான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, அது இல்லை என்று சொன்னாலும் அவள் மனசு கேட்கவில்லை. ஆறு புரோக்கரிடம் கேட்டிருக்கிறாள். ஆறு பேரும் "டவரா, அதெல்லாம் யாரும்மா பாக்குறா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். நான் வீடு காட்டும்போதே குறைத் தாளையும் கையில் கொடுத்துவிடுவேன். குழாய் ஒழுகுகிறதா, பக்கத்து வீட்டு நாய் குரைக்குமா, மேல்மாடிக்காரர் நாற்காலியை இழுப்பாரா, எல்லாம் அதில் இருக்கும். "உனக்குப் பிழைக்கத் தெரியல" என்று மற்ற புரோக்கர்கள் கேலி செய்கிறார்கள். ஆனால் நான் குடிவைத்த ஒருவரும் இதுவரை என் வாசலில் வந்து சண்டை போட்டதில்லை.

அவளுக்காக மொட்டை மாடிக்கே ஏறினேன். நல்ல வெயில். தண்ணீர்த் தொட்டி நிழலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான்கு திசையும் நிதானமாகப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டினவரை ஒரு டவரும் இல்லை. நீ கிளம்புகிற அன்றைக்கு உன்னிடமும் கேட்டேன் அல்லவா? "எனக்குத் தெரிஞ்சு அங்க ஒன்னுமில்ல பாப்பா" என்றாய். அதையும் சேர்த்தே ஒன்பதாவது வரியில் எழுதினேன்: "அருகில் செல்போன் டவர் இல்லை. டவர் வேலை பார்க்கும் என் அண்ணனிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்." அதைப் படித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நீயும் பார்க்க வேண்டும் என்று இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன்.

கால் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா?

உன் பாப்பா


பிப்ரவரி 13

பாப்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே காலையில் பனி. பதினொரு மணிக்குத்தான் எதிரே நிற்கிற ஆள் தெரிகிறான். இரும்பெல்லாம் ஈரமாக இருப்பதால் பத்து மணிக்கு முன் யாரையும் ஏற விடுவதில்லை. நாங்கள் நான்கு பேர், ஒரு சமையல்காரர், ஒரு மேஸ்திரி. மேஸ்திரி நல்ல மனிதர். மதியத்துக்கு மேல் காற்று. இரண்டு நாளாகக் காற்று அதிகம். முட்டி பரவாயில்லை. காலணி ஈரமாகிவிட்டது, அடுப்புப் பக்கம் வைத்துக் காய வைத்தேன். ஒன்றின் அடிப்பாகம் சுருங்கிவிட்டது.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? குட்டிக்குப் பரீட்சை எப்போது?

அந்தத் தாளைப் பார்த்தேன். ஒன்பதாவது வரி இல்லாமல் இருந்திருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்காததற்கு நீயாகப் போய் ஏன் பதில் எழுத வேண்டும்? அதில் என்னை வேறு இழுத்திருக்கிறாய். முடிந்தால் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு வேறு தாள் கொடு. எழுத்து சரியில்லை, மாற்றிக் கொடுக்கிறேன் என்று ஏதாவது சொல்.

மற்றபடி ஒன்றும் ஆகாது. கவலைப்படாதே.

அண்ணன்


பிப்ரவரி 21

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பனி, காற்று, காலணி. பிறந்ததிலிருந்து நீ வானிலையைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் என் பேனாவை உடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து "பாப்பா, இன்னைக்கு மேகம் பார்த்தியா" என்று கேட்டாயே, அந்தக் குரல்தான் இதில் கேட்கிறது.

கவலைப்படாதே என்கிறாய். நான் கவலைப்படுகிறேன் என்று எங்கே எழுதினேன்?

என்னிடம் மென்று முழுங்காதே. உனக்கு என்ன தெரியும், அதைச் சொல். அந்தப் பெண் போன வாரமே குடிவந்துவிட்டாள். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டாயிற்று. படுக்கையை எந்தச் சுவரோரம் போடலாம் என்று என்னிடம் கேட்டாள். நானே நின்று பார்த்து, வெயில் படாத மூலையைக் காட்டினேன். குறைத் தாளை வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். "எதுக்கும்மா அங்க" என்று கேட்டேன். "பயம் வர்றப்ப ஒன்பதாவது வரிய படிச்சுக்குவேன்க்கா" என்றாள்.

இப்போது சொல், நான் எப்படி அந்த வரியை எடுப்பேன்?

வண்டி வருவதற்குள் எழுதி வை. அடுத்த வாரம் என்று தள்ளாதே.

பாப்பா


மார்ச் 2

பாப்பா,

இதைப் படித்துவிட்டு எரித்துவிடு.

அந்த மாடியில் எத்தனை தொட்டி இருக்கிறது என்று நீ எண்ணிப் பார்த்தாயா? நான்கு இருக்கும். மூன்றில்தான் குழாய் போகிறது. நான்காவதில் தண்ணீர் இல்லை. படிக்கட்டு அறைக்குப் பக்கத்தில், மற்றதைப் போலவே கறுப்பாக, மற்றதைப் போலவே மூடியோடு இருக்கிறதே, அது வெறும் பைபர் கூடு. உள்ளே ஆன்டெனா. டவர் என்றால் தெருவில் சண்டைக்கு வருகிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் இப்படிச் செய்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதை ஏற்றி வைத்தது நான்தான். மூடியில் கொஞ்சம் அழுக்குப் பூசி, பழைய தொட்டி மாதிரி ஆக்கியதும் நான்தான். மேஸ்திரி தட்டிக்கொடுத்தார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீ எந்தத் தொட்டி நிழலில் சாய்ந்து நின்றாய் என்று எனக்குத் தெரியாது. படிக்கட்டுக் கதவைத் திறந்தால் முதலில் நிழல் கிடைப்பது அங்கேதான்.

எங்கே எது இருக்கிறது என்று வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொன்னால் வேலை போய்விடும். அம்பத்திரண்டு வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு, வேறு எவன் எனக்கு வேலை கொடுப்பான்? நீ கேட்டபோது நான் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். வண்டி வாசலில் நின்றது. வீடு வெறுமனே காலியாகக் கிடக்கிறது, யாரோ எவரோ வரப்போகிறார்கள் என்று நினைத்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். இப்படி ஒரு பெண் வருவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கருவி வைத்து அளந்துதான் ஓட வைத்தார்கள். அரசாங்கம் சொன்ன அளவுக்குக் கீழேதான் இருந்தது. அதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றும் ஆகாது. இப்போது அவளிடம் சொல்லாதே. குழந்தை பிறக்கட்டும். அப்புறம் வேறு வீடு பார்த்துக் கொடு.

எரித்துவிடு.

அண்ணன்


மார்ச் 10

அண்ணா,

எரிக்கவில்லை. தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

கடிதத்தைப் படித்ததும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். மாடியில் ஒவ்வொரு தொட்டியாகத் தட்டினேன். மூன்று தொட்டியும் தொம் தொம் என்றன. நான்காவது டொக்கென்றது. காதை வைத்தேன். உள்ளே ஏதோ விசிறி சுற்றுகிற மாதிரி மெல்லிய முனகல். நான் சாய்ந்தது அதில்தான் அண்ணா. என் சேலையில் ஒட்டிய கறுப்பை அன்றைக்கு வீட்டில் வந்து சோப்புப் போட்டுத் துவைத்தேன். நீ பூசிய அழுக்கு.

அந்த அறையின் எந்த மூலையில் படுக்கையைப் போடச் சொன்னேன் என்று இப்போது மேலே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர் கீழே.

பல் டாக்டரிடம் போனேன். ஒருவருக்குப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். முடியும்வரை காத்திருந்து கேட்டேன். "இது என்னம்மா பெரிய விஷயம்? பார்க்க தண்ணித் தொட்டி மாதிரிதானே இருக்கு?" என்றார். "பார்க்குறதுக்குன்னா சரி டாக்டர், அடியில படுக்குறதுக்கு?" என்றேன். "ஒப்பந்தத்துல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், வேறு இடம் பார்க்கிறேன் என்றதற்கு, வருஷம் முடியாமல் கொடுக்க முடியாதாம்.

ஒன்று கேட்கிறேன். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்கிறாயே, அந்தக் கூட்டைத் திறப்பதற்கு முன் ஏன் அணைத்துவிட்டுத் திறக்கிறீர்கள்? நீதான் சொல்லியிருக்கிறாய், அணைத்தாகிவிட்டது என்று கீழிருந்து குரல் வராமல் கை வைக்க மாட்டாய் என்று. ஆன்டெனாவுக்கு முன்னால் நிற்பதும் கீழே ஒரு கூரை தள்ளிப் படுப்பதும் ஒன்றில்லை என்று சொல்வாய். இருக்கட்டும். அது எவ்வளவு வேறு என்று அவளுக்கு யார் சொன்னது? அவளைக் கேட்டோமா?

நேற்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். வாயைத் திறப்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "உங்க தோள் கொஞ்சம் இறக்கம்க்கா, அதான் உங்க ரவிக்கை ஒன்னும் நிக்க மாட்டேங்குது" என்று டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவில் என் கையெழுத்து. அளவு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லப் போனவள் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது?

எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

பாப்பா


மார்ச் 18

பாப்பா,

சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

என் வேலைக்காகச் சொல்லவில்லை. சரி, அதுவும்தான். ஆனால் யோசித்துப் பார். ஏழாம் மாதம் ஆகப்போகிறது. இரண்டு முறை போன பெண். இதைக் கேட்டு அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய்? சொல்லி ஏதாவது ஆனால் பழி நம் மேல். சொல்லாமல் ஏதாவது ஆனால் அது எதனால் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அப்படியே அனுப்புகிறேன். நான் எப்படிப்பட்ட ஆளாகிவிட்டேன் என்று நீயும் தெரிந்துகொள்.

அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்தது அதற்கு மறுநாள். முந்தி வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

அவளுடைய புருஷன் வேலை முடிந்து வீட்டில் இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் தண்ணீர் கொண்டுவந்துவிடுவாள். நின்றபடியே, "நான் எழுதிக் கொடுத்தது தப்பு. மேல நாலாவது தொட்டி தொட்டி இல்ல" என்று ஆரம்பித்தேன். முழுவதையும் சொன்னேன். அளந்து பார்த்தார்கள், அளவுக்குக் கீழேதான் இருந்தது என்று நீ எழுதியதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. கையில் இருந்த டம்ளரை ஓங்கிக் கீழே வைத்தான். அவள் கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்க அண்ணனுக்கு இது முன்னாடியே தெரியுமாக்கா?"

தெரியும் என்றேன்.

அவள் எழுந்து போய்க் கதவிலிருந்து அந்தத் தாளைப் பிரித்தாள். நகத்தால் மூலை மூலையாக, கிழியாமல். நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

இந்த மாதத்தில் அவளுக்கு ஏற்ற வேறு வீடு ஒன்றும் கையில் இல்லை. என்னிடம் இருக்கிற மூன்றுக்கும் ஏணிப்படி மாதிரி படிக்கட்டு. உடனே ஒரே வழிதான் தோன்றியது. "நீங்க எங்க வீட்டுக்கு வந்துடுங்க, நாங்க இங்க வந்துடுறோம்" என்றேன். எங்கள் வீடு கீழ்த்தளம், சுற்றிலும் ஓட்டு வீடுகள், ஒரு தொட்டிதான், அதையும் வந்து தட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அவள் உண்மையாகவே வந்து, புருஷனை ஏறித் தட்டிப் பார்க்கச் சொன்னாள். என் வார்த்தையை நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

உன் மாப்பிள்ளை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எதுவும் சொல்லாமல் அலமாரியைத் தூக்க ஆள் கூட்டி வந்தார். மாறி ஐந்து நாளாகிறது. இந்தக் கடிதத்தை நான்காவது மாடியில், வெயில் படாத மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த அறையில் நான் படுக்கிறேன். குட்டியைக் கூடத்தில் அவள் அப்பாவோடு படுக்க வைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகாதென்றால் எதற்குக் கூடம் என்று கேட்காதே. குட்டியே கேட்டுவிட்டாள். "இங்க காத்து வருது" என்றேன். பொய்க்குப் பொய், உன் தங்கைதானே.

தலை வலிக்கிறது. அதனால் வலிக்கிறதா, அதையே நினைப்பதால் வலிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் இத்தனை நாள் எப்படி இருந்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

இதனோடு இந்த வீட்டுக்குப் புதிய குறைத் தாள் வைத்திருக்கிறேன். குழாய், கதவு, நாய்ச் சத்தம் எல்லாம் எழுதிவிட்டேன். ஒன்பதாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். போன முறை உன் பேரில் நான் எழுதினேன். இந்த முறை நீயே எழுது. ஒன்றும் ஆகாது என்றுதான் எழுதப்போகிறாய் என்றால் அதையும் எழுது. ஆனால் நேரில் வந்து, இந்த அறையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து எழுது.

பாப்பா


ஏப்ரல் 3

பாப்பா,

போன வண்டியில் பதில் போடவில்லை. நான்கு தாள் எழுதிக் கிழித்தேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் நான் இப்போது இருக்கும் அறையை வாடகைக்குப் பார்த்தபோது, குழாயைத் திறந்து பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. முதலில் மாடிக்கு ஏறி ஒவ்வொரு தொட்டியாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் தொம் என்றது. அப்புறம்தான் முன்பணம் கொடுத்தேன். யாராவது கேட்டிருந்தால் பழக்கதோஷம் என்று சொல்லியிருப்பேன். ஏதாவது ஆகுமா, ஆகாதா என்று எனக்குத் தெரியாது பாப்பா. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை வருடமும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு வீடு பார்க்கும்போது மட்டும் தட்டிப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாது.

நான்காவது தொட்டியைப் பற்றி உன்னிடம் சொன்னதை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். "நீ என்கிட்ட சொல்லல, எனக்குக் காது கேக்கல, போய் ஏறு" என்றார். எனக்காகத்தான் சொன்னார். ஆனாலும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை இருக்குமா போகுமா என்பது கீழே போனபிறகு தெரியும். போகும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்பதாவது வரி இதோ. தாளிலும் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தும் இருக்கிறது:

"மொட்டை மாடியில் நான்கு தொட்டிகள் உள்ளன. படிக்கட்டு அறைக்குப் பக்கத்தில் இருப்பது தொட்டி அல்ல, அதனுள் செல்போன் ஆன்டெனா இருக்கிறது. அது தென்மேற்கு அறைக்கு நேர் மேலே உள்ளது. அதை வைத்தவன் நான். இதனால் கெடுதல் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்த்து முடிவு செய்துகொள்ளவும்."

அடுத்த தாளில் பதினான்கு விலாசம் எழுதியிருக்கிறேன். இரண்டு புகைபோக்கி, ஒரு கடிகாரக் கூண்டு, மற்றதெல்லாம் தொட்டி. எல்லாம் நான் வைத்தவை. அதில் நீ குடிவைத்த வீடுகள் இருந்தால் தாளை மாற்றிக் கொடு. யார் சொன்னது என்று கேட்டால் என்னைச் சொல்.

அடுத்த வாரச் சாமான் வண்டியிலேயே இறங்குகிறேன். கூடத்துக்கு நீயும் போய்விடு. அந்த அறையில் என் படுக்கையைப் போடு, வருஷம் முடிகிறவரை நான் அங்கே இருந்துகொள்கிறேன்.

முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவேன். உன் பழைய வீட்டைச் சொல்கிறேன். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொன்னது போதாது. நான் வாசலிலேயே நின்று, ஆமாம்மா, தெரியும் என்று சொல்லிவிட்டு வருகிறேன். கதவைத் திறப்பாளா என்று மட்டும் கேட்டு வை.

அண்ணன்